குருவி இன்னிக்கு லீவு

அதுல உக்காராதீங்கக்கா, அது மூட்டை. பாக்க மெத்தை மாதிரி இருக்கும், உக்காந்தா ஆளை உள்ள இழுத்துக்கும், அப்புறம் எந்திரிக்க ரெண்டு பேர் கை கொடுக்கணும். எங்க முதலாளியோட மாமனார் ஒருநாள் தெரியாம உக்காந்துட்டு, மீட்டிங் முடியுற வரைக்கும் கூரையையே பாத்துக்கிட்டிருந்தார். இருங்க, நாற்காலி எடுத்துட்டு வரேன்... ம், இதுல உக்காருங்க. பையைக் கீழ வைக்கலாம், ஒண்ணும் ஆகாது. மடியிலேயே இருக்கட்டுமா? சரி, உங்க இஷ்டம்.

இங்க எல்லாமே இப்படித்தான். ஒரு செவுரு மஞ்சள், ஒரு செவுரு பச்சை, மூலையில பந்தடிக்கிற மேஜை. வேலை செய்ற இடம் மாதிரி இருந்தா மூளை வேலை செய்யாதாம். யாரு சொன்னான்னு தெரியல, சொன்னவன் நல்ல சம்பளம் வாங்கியிருப்பான்.

இல்லக்கா, குருவின்னு இங்க யாரும் வேலை செய்யல. வாசல்ல இருக்குற பொண்ணு உங்களை அலைய விடணும்னு சொல்லல, அதுக்கு நிஜமாவே தெரியாது. சலவை ஆலையில பெட்ஷீட் மடிக்கிற ஒரு அம்மா வந்திருக்காங்க, குருவியைப் பாக்காம போக மாட்டேங்கறாங்க, நம்ம ஆபீஸ்ல யாருக்கு சார் அப்படிப் பட்டப்பேருன்னு என்கிட்ட வந்து கேட்டுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நானே பேசிக்கறேன்னு சொல்லித்தான் உங்களை இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

நானா? உங்க மேஜைக்கு நேரா ஒரு ஸ்க்ரீன் மாட்டியிருக்குல்ல? அதுல ஒரு ரோடு போகும், ரோட்டுல உங்க படம் ஒண்ணு ஓடும், பத்து ஷீட்டை மடிச்சு அடுக்கிட்டு பச்சைப் பொத்தானை அமுக்கினா படம் ஒரு எட்டு முன்னாடி போகும், டிங்குனு ஒரு சத்தம் வரும். அந்த டிங் நான் வச்சது. ரோடும் நான் போட்டதுதான். ஆமாக்கா, நான்தான். என்ன அப்படிப் பாக்கறீங்க? பெரிய மனுஷனா இருப்பான்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனச்சு ஏமாந்து போறாங்க, என் பொண்டாட்டி உள்பட.

உங்க படம் என்ன வச்சிருக்கீங்க? ஆமையா? சிறுத்தை, கழுகு, குதிரைன்னு எத்தனையோ போட்டிருந்தேனேக்கா, போயும் போயும் ஆமையா? மெதுவாப் போனாலும் போய்ச் சேந்துருவேன்னா. நல்லா இருக்கு. எடம் காலியா இருக்கேன்னு சும்மா ஒரு ஆமையைப் போட்டு வச்சேன். அதைப் போய் ஒருத்தர் எடுப்பாங்கன்னு நெனைக்கவே இல்ல.

டீ சொல்லட்டுமா? தண்ணியாச்சும் குடிங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, லிஃப்ட் இன்னிக்குன்னு பாத்துப் படுத்துக்கிச்சு.

சொல்றேன்க்கா, சொல்றேன். முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. குருவியை வேலையை விட்டு யாரும் தூக்கல. சத்தியமாத் தூக்கல. அப்புறம் ஏன் ஸ்க்ரீன்ல காணோம்னா, நியாயமான கேள்விதான். அதுக்குத்தான் வரேன். கொஞ்சம் சுத்தி வளைச்சு வரேன், பொறுத்துக்கோங்க. நேராச் சொல்ற தைரியம் எனக்கு இன்னும் வரல.

நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி வீடியோ கேம் செஞ்சவன்க்கா. விளையாடினவன் இல்ல, செஞ்சவன். சைக்கிள் பந்தயம். மலைப்பாதையில ஒரு ஆள் தனியா மிதிச்சுக்கிட்டுப் போவான், பக்கத்துல நிழல் மாதிரி இன்னொரு சைக்கிள் வரும், அதை முந்தணும். உயிரைக் கொடுத்துச் செஞ்சேன். விளையாடினது யாருன்னா நானும் என் மச்சானும். அவனும் தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுக்கற வரைக்கும்தான் விளையாடினான், அப்புறம் நிறுத்திட்டான்.

கடையைக் கட்டுற நெலைமையில இருந்தப்பதான் இந்த முதலாளி கூப்பிட்டார். அவருக்கு ஒரே கேள்வி. பிள்ளைங்க சோறு தண்ணி மறந்து, வீட்டுல திட்டும் வாங்கிக்கிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு விளையாட்டை விளையாடுதுங்க. அதே பிள்ளைங்க வளந்து வேலைக்கு வந்தா ஏன் கடிகாரத்தையே பாக்குதுங்க? விளையாட்டுல இருக்குற அந்தச் சொக்குப்பொடியை எடுத்து வேலையில தூவ முடியுமான்னு கேட்டார். முடியும்னேன். வயிறு காஞ்சவனைக் கேட்டா எதுதான் முடியாது?

முதல்ல உங்க ஆலைக்குத்தான் அனுப்பினாங்க. ஒரே ஒரு தடவை வந்தேன். உள்ள நுழைஞ்சதும் மூஞ்சில அடிச்ச அந்தச் சூடு இன்னும் ஞாபகம் இருக்கு. ட்ராலி ட்ராலியா ஆஸ்பத்திரி ஷீட்டுங்க, ஆளுக்கொரு மேஜை, மிஷின் சத்தத்துல பக்கத்து மேஜைக்காரங்க பேசினாக் கேக்காது. அன்னிக்கு நீங்களும் இருந்தீங்களா? நீல ஏப்ரன்ல எல்லாரும் ஒரே மாதிரி இருந்தீங்க, எனக்கு முகமெல்லாம் ஞாபகமில்ல. நான் முகத்தைப் பாக்கலைன்னுதான் சொல்லணும். கையைப் பாத்தேன். கை எங்க வேகமாப் போகுது, எங்க நிக்குதுன்னு பாத்தேன்.

ஆரம்பத்துல ஸ்டார் வச்சேன். ஞாபகம் இருக்கா? கட்டு முடிச்சா ஒரு ஸ்டார், ஸ்டார் சேந்தா ஒரு கப்பு, கப்பு சேந்தா ஸ்க்ரீன்ல பூ கொட்டும். எல்லாரும் குழந்தைங்க மாதிரி சந்தோஷப்பட்டீங்கன்னு சூப்பர்வைசர் சொன்னார். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள். அப்புறம் யாரும் ஸ்க்ரீனைத் திரும்பிப் பாக்கல. உங்க ஆளு ஒருத்தர் அதுமேல துண்டைக் காயப் போட்டிருக்கார்.

நீங்களா அது? ஐயோ, நீங்கதானா! நல்ல காரியம் பண்ணீங்க. அப்படியே விட்டிருக்கணும், நான்தான் விடல.

அடுத்தது வரிசை போட்டேன். யாரு முதல், யாரு ரெண்டாவது, யாரு கடைசி, எல்லாருக்கும் தெரியுற மாதிரி செவுத்துல பெரிய ஸ்க்ரீன். அதான் நாறிப் போச்சே, உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தர் ட்ராலியை ஒருத்தர் ஒளிச்சு வச்சது, முதல் எடத்துல இருந்தவங்களோட யாரும் சாப்பிட உக்காராதது, கடைசில இருந்தவங்க எப்படியும் கடைசிதானேன்னு கையைக் கட்டிக்கிட்டது. சூப்பர்வைசர் எனக்கு ஃபோன் போட்டு, தம்பி, நீ வேலையை விளையாட்டா மாத்தச் சொன்னா சண்டையா மாத்தி வச்சிருக்கியேன்னார்.

வேலை போயிரும்போல இருந்துச்சுக்கா. அன்னிக்கு வீட்டுக்குப் போனா, என் பொண்ணு வராண்டாவுல ஓட்டப்பந்தயம் ஓடலாம் வாப்பான்னுச்சு. குட்டிப் பொண்ணு, இன்னும் செருப்பைக் கால் மாத்திப் போடுற வயசு. நானும் ஓடினேன். ரொம்ப முன்னாடி போனா அழுது உக்காந்துக்கும். பின்னாடி ஓடினா, நீ ஒழுங்கா ஓடலன்னு சண்டைக்கு வரும். ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு முன்னாடி ஓடினேன்னு வைங்க, அது சிரிச்சுக்கிட்டே மூச்சு முட்ட ஓடி வரும். நிக்கவே நிக்காது. எனக்குப் பொறி தட்டுச்சு. வரிசை வேண்டாம், கப்பு வேண்டாம். ஆளுக்கு ஒரே ஒரு போட்டி. எப்பவும் ஒரு எட்டு முன்னாடி போற ஒரே ஒரு ஆள்.

உங்களுக்கு அப்படி வந்ததுதான் குருவி. உங்க பக்கத்து மேஜைக்கு மீன்கொத்தி, அதுக்கு அடுத்த மேஜைக்கு முயல். ஆமா, சூப்பர்வைசர் அப்படித்தான் சொன்னார், ஊருக்கு அந்தப் பக்கம் இருக்குற இன்னொரு ஆலையில இருக்காங்கன்னு. அவருக்கு அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான்.

என்னது, அங்கயும் போனீங்களா? எப்போ? லீவு நாள்லயா? அவ்வளவு தூரம் பஸ் மாறி... வாட்ச்மேன் என்ன சொன்னார்? இங்க காக்காதான் இருக்கு, குருவி இல்லன்னாரா. கிண்டலுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. அப்புறம் கேட்டுலயே நின்னு என்ன பண்ணீங்க? ஷிஃப்ட் விட்டு வெளிய வந்தவங்க எல்லாரோட வலது கையையும் பாத்தீங்களா. எதுக்குக்கா? அந்த வேகத்துல மடிச்சா மணிக்கட்டு வீங்கி இருக்கணும், அதை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்னு. அப்படி யாரும் கண்ணுல படல. இல்ல, படாது.

கையை இப்படிக் கொடுங்க. காட்டுங்கக்கா, நான் ஒண்ணும் டாக்டர் இல்ல, சும்மா பாக்கத்தான். இதென்ன, பட்டியா? கழிச்சுப் போட்ட ஷீட்டோட எலாஸ்டிக் ஓரத்தை வெட்டி நீங்களே தச்சதா. நல்லாத் தச்சிருக்கீங்க, கடையில வாங்கின மாதிரி இருக்கு. உள்ள வீங்கித்தான் இருக்கு. எவ்வளவு நாளா? குருவி வந்ததுலேருந்துன்னு சொல்லாதீங்க. சொல்லுங்க, சொல்லுங்க, நான் கேட்டுத்தான் ஆகணும்.

வீட்டுல காட்டலையா? மாமா என்ன சொன்னார்? வலிச்சா வேலையை விடுன்னாரா. ஒரே வரியில முடிச்சிட்டார். ஆம்பளைங்க அப்படித்தான்க்கா, வலிக்குதுன்னா ஒண்ணு தைலம் எடுத்து நீட்டுவோம், இல்லன்னா வேலையை விடும்போம்.

ஆனா குருவி கை தட்டினாளா.

ம். தெரியும். ஸ்க்ரீன் ஓரத்துல கை படம் இருக்கும், அதைத் தொட்டா எதிராளிக்குக் கைதட்டல் போகும். நீங்க தட்டினா கொஞ்ச நேரம் கழிச்சு அங்கேருந்தும் வரும். உடனே வராது, இல்ல? அவளும் கட்டை முடிச்சுட்டுத்தானே தட்டணும்னு நீங்களே சமாதானம் சொல்லிக்கிட்டீங்களா. அப்படித்தான் தோணணும். அப்படித் தோணணும்னுதான்... சரி, வரேன், அதுக்கும் வரேன்.

நீங்க அவளைப் பத்திச் சொல்லுங்களேன். இல்ல, எனக்குத் தெரியும்தான், இருந்தாலும் நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு தெரியணும். காலையில மெதுவாத்தான் ஆரம்பிப்பா. சரி. சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் தளருவா. அப்புறம் மத்தியானத்துக்கு மேல ஒரு எடத்துல அப்படியே நின்னுருவா. தினமும் அதே எடத்துலயா? அந்த நேரத்துல யாரோ அவளுக்கு ஃபோன் பண்றாங்க, புள்ளையா இருக்கும்னு நெனச்சீங்க. பேசி முடிச்சதும் பிச்சுக்கிட்டுப் பறப்பா, அதுக்கப்புறம் அவளைப் பிடிக்கவே முடியாது. அவ நிக்குற நேரத்துல நீங்க முந்திரலாமே, ஏன் முந்தல? புள்ளையோட பேசிக்கிட்டிருக்கறவளை முந்தக் கூடாதுன்னா. நீங்களும் பொத்தானை அமுக்காம நிப்பீங்களா? அவ கிளம்புற வரைக்குமா?

எனக்கு அந்தத் தண்ணியைக் கொஞ்சம் கொடுங்க.

அது எங்களுக்கு வேற மாதிரி தெரிஞ்சுதுக்கா. மத்தியானத்துல ஒரு மேஜையில மட்டும் தினமும் வேகம் விழுதுன்னு முதலாளி படம் போட்டுக் காமிச்சு, இதை எப்படிச் சரி பண்றதுன்னு என்னைக் கேட்டார். நான் மிஷின் கோளாறா இருக்கும் சார்னு சொன்னேன்.

அழாதீங்க. இல்ல, தாராளமா அழுங்க, நான் யாரு வேண்டாம்னு சொல்ல. நீங்க முந்தின அன்னிக்கு என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க. சொல்லணும்னுதானே வந்தீங்க.

பத்துக்குப் பதிலா ஒன்பது மடிச்சுட்டுப் பொத்தானை அமுக்கினீங்க. அன்னிக்கு மத்தியானம் பூரா அப்படித்தான். கை வலி, அதுக்கு மேல வீட்டுல காலையில ஒரு பேச்சு, ஒருநாளாச்சும் ஜெயிச்சுப் பாத்துடலாம்னு ஒரு வீம்பு. அவ ஃபோன் பேச நின்ன நேரத்துல தாண்டிட்டீங்க. ஸ்க்ரீன்ல பூவாக் கொட்டுச்சு. மறுநாள் வந்து பாத்தா ரோட்டுல ஆமை மட்டும் தனியா நிக்குது. அன்னிக்கும் வரல, அடுத்த நாளும் வரல. அப்போ உங்களுக்கு என்ன தோணுச்சுன்னா, தோத்தவளை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க, கள்ளக் கணக்குல ஜெயிச்சு ஒரு பொம்பளை வயித்துல அடிச்சுட்டேன். அப்படித்தானே?

அதுக்காக அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டு இங்க வந்திருக்கீங்க. நான் ஒன்பதுல அமுக்கினவ, என்னை வேணா நிறுத்துங்க, அவளைத் திரும்பச் சேத்துக்கோங்கன்னு சொல்ல. இதை வாசல்ல இருக்குற பொண்ணுகிட்டயும் சொல்லிட்டீங்களா? சரி, பரவாயில்ல, அது யார்கிட்டயும் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன். கட்டுக்கு ஒரு ஷீட்டு கொறஞ்சா ஆஸ்பத்திரி ஒண்ணும் இடிஞ்சு விழுந்துராது.

எனக்கு வெக்கமா இருக்குக்கா. உங்களுக்கு எதுக்கு வெக்கம்? நீங்க ஒரு மத்தியானம் ஏமாத்தினீங்க, ஊரு பூரா பஸ் மாறி மாறி மன்னிப்புக் கேட்டு அலையறீங்க. நான் தினம் ஏமாத்தறேன், எனக்குக் கண்ணாடியில ஒரு பட்டயம் கொடுத்தாங்க. நிஜமாத்தான். வேலையில மனசை ஒட்ட வச்ச சிறந்த நிபுணர்னு மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என் பொண்டாட்டிகிட்ட குருவி கதையைப் பெருமையாச் சொன்னேன். முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, அந்த அக்காவுக்கு இது தெரியுமான்னா. தெரிஞ்சா ஓட மாட்டாங்களேன்னேன். அந்தப் பட்டயத்தை எடுத்துட்டுப் போய் சமையலறைக் கதவு காத்துல சாத்திக்காம இருக்க முட்டுக் கொடுத்துட்டா. இன்னிக்கும் அங்கதான் இருக்கு. தினம் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போறேன்.

அன்னிக்கே நிறுத்தியிருக்கலாம்தான். பட்டயம் கொடுத்த கையோட எப்படி நிறுத்துறதுன்னு விட்டுட்டேன். இப்பவும் நான் மனசு மாறி நிறுத்தினதா நெனச்சுராதீங்க. உங்க வேகம் அன்னிக்குத் திடீர்னு ஏறினதும் என் மிஷின் மணி அடிச்சுது. மனுஷக் கையால முடியாத வேகம்னு. எங்கயோ பிழை இருக்கு, பாத்துட்டுப் போடலாம்னு குருவியை நிறுத்தி வச்சேன். அவ்வளவுதான் காரணம். ஒரு மேஜையில ஒருத்தங்க தவிச்சுப் போவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தேடிப் பாத்தேன், பிழை ஒண்ணும் கெடைக்கல. இன்னிக்குக் காலையில திரும்பப் போட்டு விடலாம்னு உக்காந்தேன். அப்போதான் வாசல்ல இருந்து அந்தப் பொண்ணு வந்துச்சு.

இன்னும் வரலையேன்னு பாக்கறீங்க. குருவி எங்கன்னுதானே? வந்துட்டேன்க்கா, கிட்ட வந்துட்டேன்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க இந்த வேலையில எப்பவாச்சும் கை வலி தெரியாம, நேரம் போனதே தெரியாம மடிச்சது உண்டா? எல்லாருக்கும் ஒருநாள் அப்படி இருக்கும். யோசிச்சுப் பாருங்க.

பொண்ணு பாஸான அன்னிக்கா? பெரிய பொண்ணா? நர்ஸ் படிப்புக்கு. ரெண்டு தடவை எழுதி மூணாவது தடவை. சரி. காலையிலேருந்து முடிவு வருமா வருமான்னு கை ஓடவே இல்ல... மத்தியானத்துக்கு மேல ஃபோன் வந்துச்சு. மேஜைக்கிட்ட நின்ன எடத்துலயே நின்னு பேசினீங்க. சூப்பர்வைசர் கூட ஒண்ணும் சொல்லல, உங்க மூஞ்சியைப் பாத்து அவரே சிரிச்சார். அப்புறம்? அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பறந்தீங்க. ஷீட்டு தானா மடிஞ்சுதா? கையே இல்லாத மாதிரி இருந்துச்சா.

நான் நெனச்சேன். இப்போ நீங்க சொல்லும்போதே நெனச்சேன், இதுவாத்தான் இருக்கும்னு.

என் பொண்ணோட வராண்டாவுல ஓடுவேன்னு சொன்னேன்ல, முடிவுல என்ன பண்ணுவேன்னு சொல்லல. கடைசி எட்டுல கால் தடுக்கின மாதிரி விழுந்துருவேன். அது என்மேல ஏறிக் குதிச்சுக்கிட்டு ஓடிப் போய்ச் செவுத்தைத் தொடும். எந்த அப்பனும் செய்றதுதான். உங்க ஸ்க்ரீனுக்கு அந்த ஓட்டத்தை அப்படியே எழுதினேன்க்கா, விழுறதை மட்டும் எழுதல. விழுந்தா நீங்க உக்காந்துருவீங்களே.

அந்தப் பையில வச்சிருக்கீங்களே, அதை வெளிய எடுங்க. மடியை விட்டு இறக்கவே இல்ல, அதுல குருவிக்கு ஏதோ இருக்குன்னு அப்பவே தெரியும். பிரிக்கட்டுமா? ம். இதுவும் மணிக்கட்டுப் பட்டிதான். அவளுக்கும் ஒண்ணு தச்சீங்க. நீல நூல்ல ஓரம் வேற அடிச்சிருக்கீங்க, உங்களுக்குக் கூட வெறும் வெள்ளைதான். அவ கை என்ன அளவுன்னு தெரியல, அதனால என் கையை வச்சே வெட்டினேன், சின்னதாவோ பெருசாவோ இருந்தாப் பிரிச்சுத் தச்சுத் தரேன்னு சொல்லிடுங்க தம்பின்னு...

சரியா இருக்கும்க்கா. பிரிக்க வேண்டியதே இல்ல.

குருவி நேத்து வேலைக்கு வந்தாங்க. முந்தாநாளும் வந்தாங்க. இன்னிக்குத்தான் அரை நாள் லீவு. பொண்ணு பாஸான சந்தோஷத்துல அவங்க மடிச்ச ஒரு நாளை, நின்ன நேரம் உள்பட அப்படியே எடுத்து, இன்னும் ஒரு சிட்டிகை வேகம் சேத்து, ஒரு பறவைப் படம் ஒட்டி, அவங்க முன்னாடியே தினமும் ஓட விட்டேன். கைதட்டினது மட்டும் அவங்க இல்ல, அது நான் எழுதி வச்சது. மத்ததெல்லாம் அவங்கதான். இப்போ மூணு மாடி ஏறி வந்து, அந்த மூட்டையில உக்கார வேண்டியவங்க, என் நாற்காலியில உக்காந்திருக்காங்க.

கையை நீட்டுங்கக்கா. அந்தப் பழசைக் கழட்டிட்டு இதைப் போட்டு விடுறேன்.